துரைக்கும் அடி சறுக்கும்

சுவிட்சர்லாந்தில் வெங்கன் என்றொரு மலைக்கிராமம். கார் போகாது, ரயில்தான். அதே ரயிலில் இன்னும் மேலே போனால், 2,061 மீட்டர் உயரத்தில் கிளைன ஷைடெக். தலைக்கு நேர் மேலே ஐகர் சிகரத்தின் வடக்குச் சுவர். மலையேற்றத்தில் புலிகள் என்று பெயர் எடுத்த பலரைக் காவு வாங்கிய சுவர் அது. அதன் காலடியில் பார்த்தால் அகலமாக, சாதுவாக, 'வாங்க, வாங்க' என்று கூப்பிடுகிற பனிச்சரிவுகள். எமன் வீட்டுத் திண்ணையில் குழந்தைகள் பார்க்!

யாருக்காக இந்தச் சரிவுகள்? சூரர்களுக்கு இல்லை. அவர்கள் தலைகீழாகப் பாய்வதற்குக் கறுப்புப் பலகை நட்ட செங்குத்துச் சரிவுகள் தனியாக உண்டு. முதல் நாள் வந்து, நிற்கும்போதே விழுகிறவர்களுக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. இன்டர்மீடியட். நம் பாஷையில் 'சுமாரா வரும் சார்' பார்ட்டி.

இவரைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். ஹெல்மெட், கண்ணாடி, ஜாக்கெட் எல்லாம் ஒலிம்பிக் ரேஞ்ச். வலது பக்கம் திரும்புவது அற்புதமாக வரும். இடது பக்கம், கடவுள் விட்ட வழி. நிறுத்தத் தெரியும், எங்கே நிற்போம் என்பது மட்டும் தெரியாது. சாயங்காலம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தான் இறங்கிய சரிவின் கோணத்தை ஆளுக்குப் பத்து டிகிரி கூட்டிச் சொல்வார்!

ஆல்ப்ஸ் பனிச்சறுக்கின் சரித்திரத்தைப் புரட்டினால் மகா வீரர்கள் கம்பீரமாக இறங்கி வருவார்கள் என்று நினைத்துத்தான் நானும் புரட்டினேன். புரட்டப் புரட்ட, இதே சுமார் ஆசாமிகள்தான் உருண்டு உருண்டு வருகிறார்கள்.

முதலில் ஒரு ஹோட்டல்காரர். செயின்ட் மோரிட்ஸில் யோஹன்னஸ் பாட்ரட். 1864-ம் வருடம், கோடை முடிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த இங்கிலீஷ் விருந்தாளிகளிடம் ஒரு பந்தயம் கட்டினாராம். "குளிர்காலத்தில் வந்து பாருங்கள். வெயில் அடிக்கவில்லையென்றால் செலவு பூரா என்னுடையது." வந்தவர்கள் ஈஸ்டர் வரைக்கும் நகரவில்லையாம். ஹோட்டல்காரர்கள் சொல்லும் கதை, உப்பும் புளியும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். ஆனால் அதுவரை குளிர்காலம் வந்தால் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆல்ப்ஸ் ஹோட்டல்கள் அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தது நிஜம். துரைமார்கள் ஐஸில் ஸ்கேட்டிங் போனார்கள், சறுக்குவண்டியில் போனார்கள். ஸ்கீ மட்டும் கிடையாது. அது நார்வே நாட்டு விவசாயி பக்கத்து ஊருக்குப் போக மாட்டிக்கொள்கிற கட்டை. கனவான்கள் தொடுவார்களா?

தொட்டார் ஒரு கனவான். சாதாரண ஆள் இல்லை, ஆர்தர் கானன் டாய்ல்!

1893 டிசம்பரில்தான் ஷெர்லாக் ஹோம்ஸை ரைகன்பாக் அருவியில் தள்ளிக் கொன்றிருந்தார். வாசகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அவரோ தாவோஸில். மனைவி லூயிசாவுக்குக் காசநோய். அந்தக் காலத்தில் மலைக்காற்றுதான் மருந்து. கொன்றாகிவிட்டது, கையில் ஹோம்ஸ் இல்லை, பொழுது போகவேண்டும். அதே ஊரில் பிராங்கர் என்று இரண்டு சகோதரர்கள் நார்வேயிலிருந்து வந்த கட்டைகளை வைத்துக்கொண்டு சறுக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். எப்போது பழகினார்கள் தெரியுமா? இருட்டிய பிறகு. பகலில் போனால் ஊரே சிரித்ததாம். இன்று உலகத் தலைவர்கள் வருடா வருடம் கூடிக் கை குலுக்குகிற தாவோஸில், பனிச்சறுக்கு ஆரம்பித்தது வெட்கப்பட்டுக்கொண்டு, ராத்திரியில்!

1893-ல் அந்தச் சகோதரர்கள் கணவாய் தாண்டி அரோசா என்ற ஊருக்குச் சறுக்கிப் போனார்கள். மறுவருடம் மார்ச்சில் டாய்லையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள். ஏறியாயிற்று, தாண்டியாயிற்று. இறங்கும் வழியில் வந்தது ஒரு படுசெங்குத்தான சரிவு. இதில் ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்க முடியாது. சகோதரர்கள் கட்டைகளைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து சறுக்கத் தயாரானார்கள். டாய்லும் கழற்றினார். அவருடைய கட்டைகள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கையைவிட்டு நழுவி, அவர் பார்க்கப் பார்க்கக் கீழே பறந்துவிட்டன. ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற கனமும் கொண்ட, உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர், நடு ஆல்ப்ஸில் கட்டையில்லாமல் நிற்கிறார். என்ன செய்வார்? பின்பக்கத்தையே வாகனமாக்கிக்கொண்டு உட்கார்ந்தபடி இறங்கினார்.

போட்டிருந்தது ஹாரிஸ் ட்வீட் பேன்ட். கிழியவே கிழியாது என்று தையல்காரர் அடித்துச் சொன்ன துணி. அதன் சாம்பிள்கள் கணவாயிலிருந்து அரோசா வரைக்கும் வழியெல்லாம் கிடந்ததாகவும், அன்றைக்கு மீதிப் பொழுதைச் சுவரோரமாகவே கழித்ததாகவும் டாய்லே பின்னால் எழுதினார். இதற்காகவே மனிதரை மன்னித்துவிடலாம்.

அரோசா ஹோட்டலில் பதிவேடு நீட்டினார்கள். தோபியாஸ் பிராங்கர்தான் எழுதினார். டாய்லின் தொழில் என்ற இடத்தில் டாக்டர் என்று எழுதவில்லை, எழுத்தாளர் என்றும் எழுதவில்லை. ஜெர்மன் வாடை அடிக்கும் ஸ்பெல்லிங்கில் 'ஸ்போர்ட்ஸ்மேன்' என்று போட்டார். டாய்லுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஹோம்ஸுக்காகக் கிடைத்த புகழெல்லாம் ஒரு பக்கம், பின்பக்கம் கிழிந்து வாங்கிய இந்தப் பட்டம் ஒரு பக்கம்!

அதே வருடம் டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் முழுக் கட்டுரை வந்தது. இன்றைய இன்ஃப்ளூயன்சர் வீடியோவுக்கு அதுதான் பாட்டி. ஒருநாள் நூற்றுக்கணக்கான இங்கிலீஷ்காரர்கள் ஸ்கீ சீசனுக்காகவே சுவிட்சர்லாந்து வருவார்கள் என்று ஜோசியம் வேறு சொன்னார். பலித்தது, அநியாயத்துக்குக் குறைத்துச் சொல்லிவிட்டார் என்பதுதான் குறை. சுயசரிதை எழுத உட்கார்ந்தபோது மட்டும் ஆசை யாரை விட்டது? அந்தப் பக்கத்துக்கு ஸ்கீயை அறிமுகப்படுத்தியவனே நான்தான் என்கிற தோரணையில் எழுதிவிட்டார். ஹோம்ஸ் கூட இருந்திருந்தால் பனியில் தடத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் டாய்ல், உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் போயிருக்கிறார்கள்" என்று போட்டு உடைத்திருப்பார்.

ஆஸ்திரியாவில் லிலியன்ஃபெல்ட் என்ற ஊரில் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி என்றொருவர். வாத்தியார், ஓவியர், சிற்பி, அத்தனைக்கும் மேல் பிடிவாதக்காரர். நான்சென் என்ற நார்வேக்காரர் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் கடந்த கதையைப் படித்துவிட்டு நார்வேயிலிருந்து கட்டை வரவழைத்தார். அது கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம். நார்வேயின் மேடுபள்ளத்துக்குச் சரி, ஆல்ப்ஸின் செங்குத்தில் அதை மாட்டிக்கொண்டு திரும்புவது நடக்காத காரியம். வெட்டிக் குறைத்தார், பாதத்தைப் பிடித்துக்கொள்ளப் புதிதாக ஒரு பிடிமானம் செய்தார், யாரும் பக்கத்தில் இல்லாமல் வருடக்கணக்கில் தனியாகவே விழுந்து எழுந்தார். சரிவில் நேராகப் பாயாமல் வளைந்து வளைந்து இறங்கும் வித்தையை 1896-ல் புத்தகமாகவே போட்டார். 1905-ல் 85 கொடிக் கம்பங்களை நட்டு, 24 பேரை இறக்கிவிட்டு ஒரு போட்டியும் நடத்தினார். நார்வேக்காரர்கள் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு ஸ்கீயா?" என்றார்கள். கண்டுபிடித்த வீட்டுக்காரனுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கப் போனால் வேறென்ன கிடைக்கும்?

இப்போது சென்னைக்கு வரவேண்டும். நிஜமாகத்தான்.

ஹென்றி லன் என்ற மெதடிஸ்ட் பாதிரியார், டாக்டரும்கூட, 1887-ல் ஊழியம் செய்ய இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1888-ல் சென்னையில் ஒரு மகன் பிறந்தான். பெயர் ஆர்னால்ட். ஐஸ் ஹவுஸைத் தவிர ஐஸுக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று இருந்த ஊரில் பிறந்த இந்தக் குழந்தைதான், நவீன பனிச்சறுக்குப் பந்தயத்துக்கே அப்பா ஆகப்போகிறது.

அப்பாவுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, சீக்கிரமே ஊர் திரும்பினார். சும்மா திரும்பவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் சொகுசாக வாழ்கிறார்கள், ஜனங்களோடு ஒட்டவில்லை என்று எழுதி சபையில் பெரிய புயலையே கிளப்பிவிட்டார். அப்புறம் 1892-ல், பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவ சபைகளை ஒன்று சேர்க்கிறேன் என்று கிரிண்டெல்வால்டில் மாநாடு கூட்டினார். வெங்கனுக்கு அடுத்த பள்ளத்தாக்கு. சபைகள் ஒன்று சேரவில்லை. ஆனால் இத்தனை பேருக்கு ரயில் டிக்கெட், ஹோட்டல் ரூம், சாப்பாடு ஏற்பாடு செய்ததில் ஒரு விஷயம் அவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இதில் காசு இருக்கிறது! சொகுசைக் கண்டித்த அதே பாதிரியார், ஆல்ப்ஸின் சொகுசு ஹோட்டல்களை மொத்தமாகப் பிடித்து விற்கும் டிராவல் ஏஜென்ட் ஆனார்.

வியாபார மூளை என்றால் அப்படியொரு மூளை. வெறும் டூர் கம்பெனி என்றால் துரைமார் மூக்கைச் சுளிப்பார்கள். அதனால் பெரிய இடத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்காக 'பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆல்பைன் ஸ்போர்ட்ஸ் கிளப்' என்று ஒன்றை ஆரம்பித்தார். டிக்கெட் விற்றால் பேரம் பேசுவார்கள். அந்தஸ்து விற்றால் க்யூவில் நிற்பார்கள். வெங்கனுக்கு எதிர்ப்புறம் செங்குத்துப் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் மூரன் கிராமத்துக்குக் குளிர்காலத்தில் ரயில் ஓடாது. ஓட்டச் சொல்லி ரயில்காரர்களைச் சம்மதிக்க வைத்ததும் லன்தான். 1910 குளிர்காலத்தில் ரயில் ஓடியது. ஆள் வந்தது.

கிளப் இருந்தால் கோப்பை வேண்டும். கோப்பைக்கு ஒரு பெரிய மனிதர் பெயர் வேண்டும். பிடித்தார்கள் ராபர்ட்ஸ் பிரபுவை. கான்பூரில் பிறந்தவர், 1880-ல் காபூலிலிருந்து காந்தஹார் வரை படை நடத்திப் போனவர், சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர். பட்டத்திலேயே காந்தஹார் உண்டு. 1911 ஜனவரியில், மொன்டானா பக்கத்துப் பனிமலையிலிருந்து 'ராபர்ட்ஸ் ஆஃப் காந்தஹார்' கோப்பைக்கான முதல் பந்தயம் இறங்கியது. அதற்கப்புறம் அந்தப் பெயருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். காந்தஹார் கிளப், காந்தஹார் பந்தயம், காந்தஹார் சரிவு. ஸ்கீயில் பூட்ஸை மாட்டும் பிடிமானத்துக்குக்கூடக் காந்தஹார் என்றே பெயர். ஆப்கானிஸ்தானின் புழுதி பறக்கும் ஊர்க்காரர் ஒருவர் ஜெர்மனியின் கார்மிஷ் மலையில் வந்து பலகையைப் பார்த்தால், வழி தவறிவிட்டோமோ என்று திகைத்துப் போவார்.

மகன் ஆர்னால்டுக்கு வருவோம். 1909-ல் வேல்ஸில் மலை ஏறும்போது விழுந்து கால் நொறுங்கியது. பிழைத்தார், ஆனால் ஒரு கால் மற்றதைவிட அங்குலக் கணக்கில் குட்டையாகிவிட்டது. டாக்டர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆர்னால்ட் தலையாட்டிவிட்டு ஸ்கீயை மாட்டிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் வளைந்து திரும்புவதற்கு அழகுப் போட்டிபோல மார்க் போட்டார்கள். உடம்பை எப்படி வைத்திருக்கிறான், கை எங்கே இருக்கிறது, முகத்தில் கனவான் களை இருக்கிறதா! ஆர்னால்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தடையைச் சுற்றி வேகம் குறையாமல் போவதற்குத்தானே திரும்புகிறோம்? அசிங்கமாகத் திரும்பினாலும் சீக்கிரம் வந்தவன்தானே கெட்டிக்காரன்? 1922 ஜனவரியில் மூரனின் பயிற்சிச் சரிவில் ஜோடி ஜோடியாகக் கொடிகளை நட்டார். கொடிகளுக்கு நடுவில் புகுந்து புறப்பட்டுக் கீழே வா, கடிகாரம் மட்டும்தான் நடுவர். இன்றைய ஸ்லாலோம் அங்கேதான் பிறந்தது. ஒரு கால் குட்டையான மனிதருக்கு அழகுப் போட்டியில் எத்தனை மார்க் விழுந்திருக்கும்? விளையாட்டின் விதியையே மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சின்ன சந்தேகம். அப்படியே இருந்தாலும் தப்பில்லை.

நார்வேக்காரர்களுக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்கள் ஆட்டத்தில் நீ யார் ரூல்ஸ் போட? நான் வந்து உங்கள் கிரிக்கெட் விதிகளை மாற்றினால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று ஒருவர் கேட்டாராம். "தயவுசெய்து மாற்றுங்கள். டிராவாவது குறையும்" என்றாராம் லன். டெஸ்ட் மேட்சை ஐந்தாம் நாள்வரை உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் அவரோடு சண்டைக்குப் போகமாட்டார்கள். 1930-ல் சர்வதேச சம்மேளனம் இறங்கி வந்தது. 1936 ஒலிம்பிக்ஸிலும் சேர்த்தார்கள். 1952-ல் ஆர்னால்டுக்கு 'சர்' பட்டம். சென்னையில் பிறந்த பிள்ளை, பனியில் சாதித்துவிட்டது!

அதெல்லாம் பந்தயக்காரர் கதை. நம் சுமார் ஆசாமிக்கு நிஜமாகவே வாழ்வு கொடுத்தது வேறொன்று. வீரமும் இல்லை, விதியும் இல்லை. சோம்பேறித்தனம்!

பழைய மலையேறிகளுக்கு ஒரு தர்மம் இருந்தது. இறக்கத்தின் சுகம் வேண்டுமென்றால் ஏற்றத்தின் வேர்வையைச் சிந்து. காலை முழுக்க ஏறு, மத்தியானம் ஒருமுறை இறங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை இறங்கினால் எந்த ஜென்மத்தில் கற்றுக்கொள்வது? வெங்கனில் தங்கியிருந்த இங்கிலீஷ்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கோடைகால டூரிஸ்டுகளுக்காக 1893-லேயே போட்ட பல்சக்கர ரயில் கிளைன ஷைடெக் வரை போகிறது. ஏறுவதை அது பார்த்துக்கொள்ளட்டுமே! 1925-ல் கிளப் ஆரம்பித்து, கூச்சநாச்சமே இல்லாமல் 'டவுன்ஹில் ஒன்லி' என்று பெயரும் வைத்தார்கள். இறங்குவது மட்டும் நம் வேலை. இப்படி ஒரு நேர்மையான பெயரை அதற்கு முன்னும் பின்னும் எந்த விளையாட்டுக் கிளப்பும் வைத்ததாகத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்த ரயில் ஏறும் அதிகபட்ச ஏற்றம் 25 சதவீதம். பல்சக்கரம் இருந்தாலும் அதற்கு மேல் அந்தப் பாதையில் போகாது. அதனால் மாடு மேயும் சாதுவான புல்வெளிகளாகப் பார்த்துத் தண்டவாளம் போட்டார்கள். இன்று ஆல்ப்ஸில் சுலபமான நீலச் சரிவுக்கு வகுத்திருக்கும் எல்லையும் அதே 25 சதவீதம். சுமார் ஆசாமியின் சிவப்புக்கு 40 வரை. ரயிலுக்கும் மாட்டுக்கும் எது தோதுப்பட்டதோ அதுவேதான் நமக்கும் தோதுப்பட்டிருக்கிறது. வெங்கனும் கிரிண்டெல்வால்டும் இன்டர்மீடியட்டின் சொர்க்கம் என்று பெயரெடுத்ததில் பாதிப் புகழ் சுவிஸ் பசுமாட்டுக்குப் போகவேண்டும்.

ரயில் இல்லாத ஊர்க்காரன் என்ன செய்வான்? 1934 டிசம்பரில் தாவோஸில் எர்ன்ஸ்ட் கொன்ஸ்டாம் என்ற எஞ்சினியர் இழுவை லிஃப்டை ஓடவிட்டார். மேலே ஓடும் கம்பி, அதிலிருந்து தொங்கும் கொக்கி. நின்றபடி பின்பக்கத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டால் இழுத்துக்கொண்டே போகும். நின்றபடி என்பது முக்கியம். தொங்குகிற கட்டையைப் பார்த்தால் மனித ஜென்மத்துக்கு உட்காரத்தான் தோன்றுகிறது. அந்த வம்சத்து லிஃப்டுகளில் இன்றைக்கும் தினமும் யாராவது உட்காருகிறார்கள். தினமும் விழுகிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கு அதுதான் இலவசப் பொழுதுபோக்கு.

இந்தக் கூட்டத்தில் நிஜமாகவே வித்தை தெரிந்த ஒருவர் இருந்தார். ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதியில் ஹான்னஸ் ஷ்னைடர். விறைப்பாக நிமிர்ந்து நின்று சறுக்கிய கனவான்களை முழங்கால் மடக்கிக் குந்த வைத்தார். அழகு போனது, விழுவது குறைந்தது. இன்னொன்றும் செய்தார். வந்தவர்களைத் தரம் பிரித்து வகுப்பு வகுப்பாக நிறுத்தினார். அதுவரை 'கொஞ்சம் வரும்' என்று நெளிந்தவனுக்கு அதிகாரபூர்வமாக நடு வகுப்பு கிடைத்தது. கீழ் வகுப்பைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் உரிமையும் கூடவே வந்தது. அப்படிப்பட்டவரை 1938-ல் நாஜிகள் பிடித்து உள்ளே போட்டார்கள். ஒரு அமெரிக்க வங்கிக்காரர் பேசி மீட்டுக்கொண்டுபோனார். 1939-ல் நியூ ஹாம்ப்ஷயர் போய் இறங்கியவர், அங்கேயும் அடுத்த நாட்டுச் சுமார்களைக் குந்த வைக்க ஆரம்பித்துவிட்டார்.

மூரன்காரர்கள் இதற்குள் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். 1928 ஜனவரி 29. பதினேழு பேர் 2,970 மீட்டர் உயர ஷில்ட்ஹார்ன் உச்சிக்கு ஏறினார்கள். மொத்தமாகக் கிளம்பி, பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் லவுட்டர்புருன்னன் வரை இறங்குவது என்று பேச்சு. பந்தயத்துக்குப் பெயர் இன்ஃபெர்னோ, அதாவது நரகம். செப்பனிட்ட பாதை கிடையாது. கிடைத்த பனியில், கிடைத்த இடுக்கில், முட்டி மோதி இறங்கினார்கள். முதலில் வந்த ஹரால்ட் மிட்செலுக்கே 1 மணி 12 நிமிடம் ஆயிற்று. டோரீன் எலியட் என்ற பெண்மணி ஆண்கள் பலரைப் பின்னால் விட்டுவிட்டு வந்தார். அவர்கள் அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பனி சரியில்லை என்று சொல்லியிருப்பார்கள். இன்று அதே நரகத்துக்கு 1,800-க்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் அமெச்சூர்கள், வருடம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள். காசு கட்டி, ஆசைப்பட்டு, நரகத்துக்கு ரிசர்வேஷன்!

எதிர்ப்பக்கம் வெங்கனில் 1930 முதல் லாபர்ஹார்ன் பந்தயம். ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். உலகக் கோப்பை டவுன்ஹில் பந்தயங்களில் இதுதான் நீளம். இரண்டரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். 2013-ல் யோஹான் கிளாரே என்ற பிரெஞ்சுக்காரர் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். காரில் போனால் போலீஸ் பிடிக்கும். ஆனால் இந்தப் பாதையில் ஜெயித்தவர்களைவிட நிலையாக இடம் பிடித்திருப்பவர்கள் விழுந்தவர்கள்தான். 1954-ல் ஆஸ்திரிய வீரர்கள் வரிசையாக ஒரே குழியில் போய் விழுந்தார்கள். டோனி சைலரும் அதில் ஒருவர். இரண்டே வருடத்தில் ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கம் வாங்கப்போகிற சைலர்! அந்த இடத்துக்கு 'ஆஸ்திரியக் குழி' என்று பெயர். 1965-ல் ஜோஸ் மின்ஷ் விழுந்த விளிம்புக்கு 'மின்ஷ் விளிம்பு'. 1976-ல் கனடாக்காரர்கள் இரண்டு பேர் உருண்ட வளைவுக்கு 'கனடா வளைவு'. சைலர் அதே பாதையில் பின்னால் நான்கு வருடம் தொடர்ந்து ஜெயித்தார். வரைபடத்தில் நிற்பது அந்தக் குழிதான்.

பந்தயம் இல்லாத நாட்களில் அந்தப் பாதை பொதுஜனத்துக்குத் திறந்திருக்கும். ராத்திரியெல்லாம் மெஷின் ஓட்டிப் பனியைச் சீப்பு போட்டு வாரிவிடுவார்கள். காலையில் ஒன்பது மணிக்குப் போனால் நெருக்கமாக, நேர்க்கோடாக, ஒரு சின்னக் கீறல்கூட இல்லாமல் கிடக்கும். அதில் முதல் ஆளாகக் கோடு போடுவதற்காகவே நம் சுமார் ஆசாமி அலாரம் வைத்து எழுந்து, முதல் ரயிலைப் பிடித்து வந்துவிடுவார். இரண்டு வளைவு நன்றாக வந்தால் போதும், மனதுக்குள் கிளாரேயின் பின்னணி இசை ஓடத் தொடங்கிவிடும். வீரர்கள் காற்றில் பறந்து தாண்டுகிற ஹுண்ட்ஷோஃப் பாறை வந்ததும் நிற்பார். எட்டிப் பார்ப்பார். ஒரு செல்ஃபி எடுப்பார். பக்கத்தில் போகிற சாதுவான வழியாகத் திரும்பி, வெங்கர்னால்ப் ஸ்டேஷனில் சூடாக ஒரு சாக்லேட் குடித்துவிட்டு, அடுத்த ரயிலில் மறுபடி மேலே ஏறுவார்.

நீங்கள் போனால் அப்படியே செய்யுங்கள். வீரம் காட்ட ஆசைப்பட்டு எங்காவது விழுந்து, காலை ஒடித்துக்கொண்டால் மலைக் காவலர்கள் ஸ்ட்ரெச்சர் வண்டியோடு வந்து பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மின்ஷுக்குச் செய்த மரியாதையை உங்களிடமும் எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்குப் பேர் வைக்க மாட்டார்கள். பில்தான் வைப்பார்கள்!